வள்ளத்து எஞ்சினைக் காரில் பூட்டியபோது

மாமா கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகு அவருடைய வள்ளத்தின் பின்னால் மாட்டியிருந்த எஞ்சின் மூன்று வருடம் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் கிடந்தது. பழைய வலையால் சுற்றி, மேலே தார்ப்பாய் போட்டு வைத்திருந்தார். மாதம் ஒருமுறை அவரே அவிழ்ப்பார். பிளக்கைக் கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார். கயிற்றைப் பைய இழுத்து, பிஸ்டன் அசைகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பக் கட்டி வைப்பார். 2017 நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கிப் புயலோடு கடலை விட்டவர் அவர். வள்ளத்தைக்கூட விற்றுவிட்டார், எஞ்சினை விற்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை.

"எதுலயாவது பூட்டி ஓட்டு மக்களே. இது ஓடுற சத்தம் கேட்டா போதும் எனக்கு" என்றார் ஒருநாள்.

நாங்கள் இருப்பது குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம், நீரோடிப் பக்கம். அடுத்த ஊர் பொழியூர், அது கேரளம். வள்ளத்து எஞ்சினுக்குச் சாமான் வேண்டும் என்றால் விழிஞ்ஞம், காருக்கு மார்த்தாண்டம், லேத் வேலைக்குக் களியக்காவிளை என்று எல்லையைத் தாண்டியும் தாண்டாமலும்தான் எங்கள் வேலை நடக்கும். நான் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்தவன். வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பின் மூலையில், எஞ்சின் பிளாக் வெடித்த ஒரு மாருதி 800 கிடந்தது. அதன் உடமைக்காரர் பதிவை ரத்து செய்துவிட்டு ஆக்கிரிக் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்கு, எடைக்குப் போட இருந்தார். அதே விலைக்கு நான் வாங்கிக்கொண்டேன்.

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் பொருத்தம் பிரமாதமாகத் தெரிந்தது. மாருதி 800-இன் சொந்த எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதுக்குச் சற்றுக் குறைந்த குதிரைத்திறன். மாமாவின் எஞ்சின் இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், எழுநூறு சிசி வாக்கில், 40 குதிரைத்திறன். எடையும் குறைவு. கழற்றி மாட்டினால் ஓடும் என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று மாமாவிடம் சொன்னேன். ஒன்றரை வருடம் ஆனது. காரணம் ஒன்றுதான். வள்ளத்து எஞ்சினுக்குக் கடல் பல வேலைகளைச் சும்மா செய்து கொடுக்கிறது. அதைக் கரைக்குக் கொண்டுவந்தால் அந்த வேலைகள் ஒவ்வொன்றையும் நாம் செய்தாக வேண்டும். எனக்கு அந்தப் பட்டியல் முன்கூட்டியே தெரியவில்லை. ஒவ்வொன்றாக அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் எஞ்சினைப் படுக்க வைப்பது. வள்ளத்தில் இந்த எஞ்சின் நின்றபடி வேலை செய்கிறது. பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக இருக்கும். மேல் முனையில் ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் மேக்னட்டோவும் கயிறு சுற்றும் ஃப்ளைவீலும். கீழ் முனையில் உள்பக்கமாகப் பல் வெட்டிய துளை, அதில்தான் தண்ணீரைத் தள்ளும் விசிறிக்குப் போகும் நீண்ட ஷாஃப்ட் செருகி இருக்கும். மாருதியில் எஞ்சின் குறுக்கு வாட்டத்தில் படுத்திருக்கும், கியர்பாக்ஸ் அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். எனவே வள்ளத்து எஞ்சினைப் பக்கவாட்டில் சாய்த்து, கிராங்க் காரின் அகலத்தோடு வருமாறு வைத்தோம்.

எந்த முனையில் கிளச்சை மாட்டுவது என்பதில் பெரிய தப்பு செய்யப் பார்த்தேன். ஃப்ளைவீல் முனையில் நல்ல கனமான டேப்பர் உண்டு, சாவி உண்டு, பெரிய நட்டு உண்டு. கீழ் முனையில் விரல் தடிமனுக்குப் பல் துளை மட்டும். பலமான பக்கத்தில் பூட்டலாம் என்று வரைபடமே போட்டுவிட்டேன். களியக்காவிளையில் லேத் வைத்திருக்கும் ஆசானிடம் அதைக் காட்டினேன். அவர் பென்சிலை எடுத்துச் சுழலும் திசைக்கு ஒரு அம்பு போட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இப்படிப் பூட்டினா வண்டிக்கு முன்னால போக ஒரு கியர், பின்னால போக நாலு கியர் இருக்கும்."

வள்ளத்து எஞ்சின் மேலிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுற்றும். கார் எஞ்சினும் பெல்ட் ஓடும் புல்லி இருக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால் அதே திசைதான். ஆக, மேக்னட்டோ முனை புல்லி முனையின் இடத்துக்கு வர வேண்டும், கிளச் கீழ் முனையில்தான் இருக்க வேண்டும். அப்படி வைத்தால் திசை தானாகச் சரியாகிவிடும். மாற்றி வைத்தால் எல்லாம் தலைகீழ். முன்சக்கர ஓட்டமுள்ள இந்தக் கியர்பாக்ஸில் டிஃபரன்ஷியலைத் திருப்பி வைக்கவும் வழி கிடையாது. யாராவது இதே வேலையில் இறங்கினால், உலோகத்தைத் தொடுவதற்கு முன் இந்த அம்பைப் போட்டுப் பாருங்கள். எனக்கு ஆசான் ஒரு நிமிடத்தில் மிச்சப்படுத்திய பணம் கொஞ்சமல்ல.

சரி, கீழ் முனை என்று முடிவானது. அங்கே அடுத்த சிக்கல். அந்தச் சின்னப் பல் துளை திருகு விசையைத் தாங்கும், அதற்காகத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. கிளச்சின் எடையை அதில் தொங்கவிட முடியாது. அதைவிட மோசமானது கிளச் மிதிக்கும்போது வரும் தள்ளல். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் பிரஷர் பிளேட்டை அழுத்தும், அந்த அழுத்தம் முழுவதும் கிராங்கை நீளவாக்கில் தள்ளும். வள்ளத்தில் இப்படி மிதிக்கிற கிளச் இல்லை. விசிறி தண்ணீரைத் தள்ளும் விசையை அடியில் உள்ள கியர் பெட்டியே வாங்கிக்கொள்ளும், மேலே கிராங்குக்கு எதுவும் வராது. அப்படி வளர்ந்த கிராங்கின் பேரிங்குக்கு இந்தத் தள்ளல் புதிது.

நான் முதலில் செய்தது அவசர வேலை. பழைய டிரைவ் ஷாஃப்ட்டின் மேல் பாகத்தை வெட்டி, அதில் ஒரு தட்டை வெல்டிங் வைத்து, அந்தத் தட்டில் மாருதியின் ஃப்ளைவீலைப் பூட்டினேன். ஒர்க்‌ஷாப் முற்றத்தில் நாலு முறை கிளச் விட்டதும் வெல்டிங் விரிந்துவிட்டது. கடல் தண்ணீருக்கென்று செய்த துருவேறாத எஃகு ஷாஃப்ட்டில் சாதாரண ராடு வைத்து ஒட்டினால் அப்படித்தான் ஆகும்.

இரண்டாம் முறை ஆசான் சொன்னபடி செய்தோம். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு பெட்டி. அதன் மையத்தில் இரண்டு பேரிங்குகளில் சுழலும் ஒரு குட்டை ஷாஃப்ட். ஒரு முனையில் எஞ்சினின் பல் துளைக்குள் நுழையும் பல், மறுமுனையில் ஃப்ளைவீல் பூட்டும் தட்டு, இரண்டும் ஒரே உருக்கில் கடைந்தது. கிளச்சின் எடையும் தள்ளலும் பெட்டியிலுள்ள பேரிங்குகளோடு முடிந்துவிடும். எஞ்சின் சுழற்றுவதோடு சரி, அதுவே அதற்குத் தெரிந்த வேலை. மாருதியின் ஃப்ளைவீலை அப்படியே வைத்ததால் அதன் ஸ்டார்ட்டர் மோட்டாரும் பயன்பட்டது.

இதில் மையம் பார்ப்பதுதான் உயிர். நுண்ணிய அளவை முள்ளால் காட்டும் டயல் கேஜைக் குட்டை ஷாஃப்ட்டில் கட்டி, கையால் சுற்றி, கியர்பாக்ஸ் மூடியின் உள்வட்டத்தைத் தடவிப் பார்த்தோம். முதல் தடவை முள் 0.4 மில்லிமீட்டர் ஆடியது. "கொஞ்சம்தானே" என்று நான் சொன்னதற்கு ஆசான் பதிலே சொல்லவில்லை, போல்ட்டைத் தளர்த்தி மறுபடி தட்ட ஆரம்பித்தார். அன்று மதியம் தொடங்கி விளக்கு வைக்கும் நேரம் வரை தட்டி, பார்த்து, தட்டி, முள் 0.1-க்குள் நின்ற பிறகுதான் பின் அடித்து நிறுத்தினார். பின் என்றால் மையம் நகராமல் இருக்க அடிக்கும் உருளை ஆணி. போல்ட்டை மட்டும் நம்பினால் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் மையம் மாறிவிடும்.

அந்தப் பெட்டிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வள்ளத்து எஞ்சினில் புகையும் தண்ணீரும் அடிப்பக்கமாகத்தான் இறங்குகின்றன. படுக்க வைத்ததும் அந்த அடிப்பக்கம் கிளச் இருக்கும் பக்கமாகிவிட்டது. புகை நேராகக் கிளச் மேல் அடிக்கும். அதனால் பெட்டிக்குள்ளேயே புகைக்குத் தனி வளைவு வைத்துப் பக்கவாட்டில் வெளியே எடுத்தோம். எஞ்சினில் ஓடி முடித்த தண்ணீர் வள்ளத்தில் புகையோடு கலந்து கீழே போய்விடும், அது புகைக் குழாயையும் குளிரவைக்கும். இங்கே அந்தத் தண்ணீரைப் பிரித்துத் திரும்ப எடுக்க வேண்டும். பிரித்ததும் புகைப் பாதை உலர்ந்துபோய், சூடு பேரிங் வரை ஏறியது. இரண்டாம் நாளே கிரீஸ் உருகி ஒழுகியது. வளைவுக்கும் பேரிங்குக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, அதிக சூடு தாங்கும் கிரீஸ் வைத்தபிறகு நின்றது.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வள்ளத்தில் புகை தண்ணீருக்குள் போகிறது, கடலே சைலன்சர். கரையில் முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது பக்கத்து வீட்டுக் கோழிகள் ஓடிவிட்டன. சைலன்சரின் நீளமும் வயிறும் டூ ஸ்ட்ரோக்குக்குச் சத்தத்தை அடக்க மட்டுமல்ல, இழுவைக்கும் முக்கியம். மனம்போன குழாயை வெட்டி ஒட்டினால் சத்தம் குறையும், கூடவே இழுவையும் போய்விடும். மூன்று சைலன்சர் மாற்றினோம்.

கார்புரேட்டரில் ஒரு எச்சரிக்கை. எஞ்சினைச் சாய்க்கும்போது அதுவும் சாய்ந்துவிடும், மிதவைக் கிண்ணம் பக்கவாட்டில் போய்விடும். இடையில் ஒரு அலுமினியத் தகடு வைத்து, அதில் வேறு துளை போட்டு, கார்புரேட்டரை 90 டிகிரி திருப்பி நிமிர்த்த வேண்டும். நான் இதைச் செய்தேன், ஆனால் தகட்டுக்கு அடியில் வைத்த பேப்பர் கேஸ்கட் பெட்ரோலுக்கு ஆகாத வகை. ஊறிச் சொட்டியது. சொட்டிய இடத்துக்கு ஒரு முழம் கீழே உலர்ந்த புகைக் குழாய். மாமா மணலை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பிறகுதான் கவனித்தேன். ஸ்டார்ட் செய்வதற்கு முன் தீயணைப்பான் வாங்குங்கள். நான் அதற்குப் பிறகுதான் வாங்கினேன்.

இனித் தண்ணீர். எனக்கு அதிக நாள் எடுத்தது இதுதான்.

வள்ளத்து எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. அடியில் ஒரு ரப்பர் இம்பெல்லர் கடல் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றும். சுற்றி வந்த தண்ணீர் வெளியே போகும். ஒருமுறை வந்த தண்ணீர் மறுமுறை வராது. சூட்டை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்ற கேள்வியே அதற்கு இல்லை. அடிப்பாகத்தைக் கழற்றியதும் இம்பெல்லரும் போய்விட்டது. அதை வைத்துக்கொண்டாலும் பயனில்லை, தண்ணீர் இல்லாமல் சில விநாடி சுற்றினாலே ரப்பர் கருகிவிடும்.

முதல் சோதனைக்கு 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் வைத்து, பம்ப் போட்டுச் சுற்றவிட்டோம். அரை மணி நேரம் கழித்துக் கையை விட்டுப் பார்த்தால் குளிக்கிற வெந்நீர் பதம். வண்டி ஓடவே இல்லை, நின்ற இடத்தில் சும்மா சுற்றியதற்கே இது. அப்போதுதான் எவ்வளவு சூட்டைக் கடல் வாங்கிக்கொண்டு இருந்தது என்று உறைத்தது. மாருதியின் ரேடியேட்டரையே மாட்டினேன், குதிரைத்திறன் ஒன்றுபோல இருப்பதால் அது போதும். பம்ப்தான் போதவில்லை. முதலில் வாங்கிய சின்ன 12 வோல்ட் பம்ப் தண்ணீரைச் சுற்றியது, சூட்டை இறக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு இழுவையில் சுமார் 30 கிலோவாட் சூடு தண்ணீரில் இறங்கும் என்று வைத்து, ரேடியேட்டரில் 10 டிகிரி குறைய வேண்டும் என்றால், நிமிடத்துக்கு 40 லிட்டருக்கு மேல் ஓட வேண்டும். அந்த அளவுக்குத் தள்ளும் பம்ப் வாங்கிய பிறகு முள் இறங்கியது.

அப்படியும் ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் கொதித்தது. ஹெட்டில் ஒரு பக்கம் கை வைக்கலாம், நாலு விரல் தள்ளி வைத்தால் தோல் போகும். இரண்டு வாரம் கேஸ்கட்டைச் சந்தேகப்பட்டேன். விஷயம் காற்று. எஞ்சின் நிமிர்ந்து நின்றபோது தண்ணீர்ப் பாதையின் உச்சி வேறு இடம், காற்று அங்கே வழியாக வெளியேறும். சாய்த்ததும் உச்சி மாறிவிட்டது, புது உச்சியில் காற்று போக ஓட்டை இல்லை. அங்கே காற்றுக் குமிழி உட்கார்ந்துகொண்டு தண்ணீரைத் தொடவிடாமல் செய்தது. உச்சியில் ஒரு சிறு துளை போட்டு, மெல்லிய குழாய் வைத்து மேல் தொட்டிக்கு எடுத்ததும் அன்றே சரியானது. அதே போலக் கிராங்க் கேஸில் தேங்கும் எண்ணெயை மேல் பேரிங்குக்குக் கொண்டுபோகும் சின்ன ரப்பர் குழாய்களும் உண்டு. அவற்றின் இடத்தையும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு தெரு முழுக்கப் புகை.

ரேடியேட்டர் மூடியையும் கவனியுங்கள். காரின் மூடி தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கும். வள்ளத்து எஞ்சினின் கேஸ்கட்டுகள் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. அழுத்தமில்லாத திறந்த தொட்டியாக வைத்துக்கொண்டோம். அப்புறம், பூட்டுவதற்கு முன் தண்ணீர்ப் பாதையைக் கழுவியபோது உள்ளே இருந்து உப்பும் சுண்ணாம்புமாகக் கட்டி கட்டியாக வந்தது. வினிகர் ஊற்றி ஒரு இரவு ஊறவைத்துக் கழுவினோம். பழைய எஞ்சின் என்றால் இதைச் செய்யாமல் பூட்ட வேண்டாம்.

மின்சாரம், வயரிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வள்ளத்து எஞ்சினின் மின்சுருளால் ஒரு விளக்கு எரியும், பம்ப்பும் ஃபேனும் ஓடாது. பெல்ட் போட்டுத் தனி ஆல்ட்டர்னேட்டர் வைத்தோம். ஆக்சிலேட்டர் கம்பியை மட்டும் கவனமாக இழுக்க வேண்டும். இந்த எஞ்சினில் கார்புரேட்டர் திறக்கும்போதே ஸ்பார்க் நேரமும் ஒரு நெம்புகோலால் முன்னால் நகரும். கார்புரேட்டரை மட்டும் இழுத்தால் எஞ்சின் திணறும்.

ஓட்ட இடம்? இப்படிப்பட்ட வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த விவரங்களோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. எஞ்சின் மாற்றப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். டூ ஸ்ட்ரோக் வள்ளத்து எஞ்சினுக்கு அது கிடைக்காது. நாங்கள் டெம்போவில் ஏற்றி அருமனைக்கு அப்பால் பெரியம்மாவின் ரப்பர் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம். பால் எடுக்கிறவர்கள் போய்வரும் சொந்தப் பாதை, நடுவில் ஒரு நல்ல ஏற்றம். எரிபொருளும் பெட்ரோல் மட்டும். எங்கள் கரையில் இந்த எஞ்சின்களைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஆனால் மானிய மண்ணெண்ணெய் மீன்பிடிக்கிறவர்களுக்கானது. அதைக் காருக்கு ஊற்றுவது அவர்கள் பங்கை எடுப்பது.

ஓடியது. முதல் நாள் தோட்டத்தில் அது ஓடிய சத்தத்தை நான் மறக்க மாட்டேன். ஆனால் ஏற்றத்தில் மெதுவாக ஏறும்போது திணறியது. விசிறியின் இயல்பு அப்படி. மெதுவாகச் சுற்றும்போது தண்ணீர் ஏறக்குறைய எதிர்க்கவே எதிர்க்காது, வேகம் கூடக் கூடத்தான் சுமை ஏறும். அதனால் இந்த எஞ்சினுக்குக் குறைந்த சுற்றில் பெரிய சுமை என்பதே பழக்கமில்லை. மாருதியின் சொந்த எஞ்சினின் இழுவை 2,500 சுற்று வாக்கிலேயே வந்துவிடும். இது 4,500 தாண்டினால்தான் உயிர் பெறும். ஏற்றத்தில் கியரைக் குறைத்து, சுற்றை மேலே வைத்தே ஏற வேண்டும். மறுபுறம், வள்ளத்தில் தண்ணீரே சுற்றைக் கட்டுப்படுத்தும். காரில் கிளச்சை மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்தினால் கட்டுப்படுத்த எதுவுமில்லை, எஞ்சின் கத்திக்கொண்டு பறக்கும். சுற்று எல்லை மீறாமல் தடுக்கும் ஒரு ரெவ் லிமிட்டர் வைப்பது நல்லது.

நான்காம் நாள் இறக்கத்தில் அது நடந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் கியரில், எந்தக் காரையும் ஓட்டுவதுபோல, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்று இறங்கினேன். பாதி இறக்கத்தில் எஞ்சின் சத்தம் ஒருமாதிரி இறுகியது. அடுத்த நொடி முன்சக்கரம் இரண்டும் நின்று, வண்டி சருகில் சறுக்கியது. கிளச்சை மிதித்தேன், சக்கரம் விடுபட்டு வண்டி பாய்ந்தது. பிரேக்கை மிதித்தால் பெடல் கல். இந்த எஞ்சினில், பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய உறிஞ்சும் காற்று சீராகக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும், மட்டமான இடத்தில் ஓட்டும்போது அது பொருட்டாகத் தெரியவில்லை. இரண்டு காலையும் வைத்து மிதித்து, பாதையோர மண் திட்டில் ஏற்றி நிறுத்தினேன். மாமாவின் முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். நான் இறங்கி மரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அன்று இரவே ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டனின் இரு பக்கமும் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கிழிந்திருந்தது. சிலிண்டர் சுவரில் பிஸ்டனின் அலுமினியம் வெள்ளையாக இழுகியிருந்தது, விரலில் எடுத்த சுண்ணாம்பைச் சுவரில் தேய்த்தது போல. ரிங் இரண்டும் பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டு நகத்தால் நிமிண்டினாலும் வரவில்லை. எண்ணெய் இல்லாமல் பிடித்துக்கொண்ட அடையாளம் அது.

டேங்கில் எண்ணெய் கலந்திருந்தேன், 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பிறகு ஏன்? விளக்கை அருகில் பிடித்துக்கொண்டிருந்த மாமாதான் சொன்னார்.

"வள்ளத்துல கைய விட்டா எஞ்சின் உடனே தணியும். தண்ணி பிடிச்சு நிறுத்தும்லா. கடல்ல இறக்கம் எங்க இருக்கு மக்களே?"

அதேதான். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெய் பெட்ரோலோடு வருகிறது, வேறு வழியில்லை. ஆக்சிலேட்டரை விட்டால் பெட்ரோல் வாசல் மூடும், கூடவே எண்ணெய் வாசலும் மூடும். வள்ளத்தில் அப்போது சுற்றும் இறங்கிவிடுவதால் ஆபத்தில்லை. காரில் இறக்கத்தில் சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே எண்ணெய் வந்து சேராது.

டூ ஸ்ட்ரோக் கார் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சுவீடனின் சாப் 96, 841 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்த கார். அதில் ஃப்ரீவீல் என்றொரு அமைப்பு உண்டு, சைக்கிளின் பின்சக்கரத்தில் இருப்பதே. காலை எடுத்ததும் சக்கரம் தனியாக உருளும், எஞ்சின் சும்மா மெதுவாகச் சுற்றும். கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட்டில் நான்காம் கியருக்கு அதே ஏற்பாடு. நான் இதைப் பற்றி முன்பே படித்திருக்கிறேன். சிக்கனத்துக்காக வைத்தது என்று நினைத்துக் கடந்துவிட்டேன். மாமாவின் ஒரு வரி கேட்ட பிறகுதான் அது என் எஞ்சினுக்கும் பொருந்தும் என்று புரிந்தது.

மாருதி கியர்பாக்ஸில் ஃப்ரீவீல் வைக்க எங்களால் முடியவில்லை. சிலிண்டரின் உள்ளே அரை மில்லிமீட்டர் அகலக் கடைந்து, புது பிஸ்டன், ரிங் போட்டோம். எண்ணெயை லிட்டருக்கு 30 மில்லியாகக் கூட்டினேன், வள்ளத்து எஞ்சினுக்கென்று விற்கும் டிசிடபிள்யூ-3 வகைதான். இறக்கத்தில் ஓட்டும் முறையையும் மாற்றினோம். ஆக்சிலேட்டரை ஒரேயடியாக விடாமல், சில விநாடிக்கு ஒருமுறை லேசாக அழுத்தி எண்ணெய் கொடுத்தபடி, பிரேக்கால் வேகத்தைப் பிடித்து இறங்குவது. நியூட்ரலில் உருட்டலாமே என்று தோன்றும். பிரேக்குக்குத் தனி வாக்குவம் பம்ப் வைக்காமல் அதைச் செய்ய வேண்டாம். எஞ்சினும் பிடிக்காது, பிரேக்கும் பிடிக்காது என்றால் நம்மைப் பிடிக்க மரம்தான் இருக்கும். அந்தப் பம்ப்பை வைத்த பிறகே திரும்ப இறக்கத்தில் விட்டேன். ஆறு மாதமாக எஞ்சின் மறுபடி இறுகவில்லை.

லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் தாண்டவில்லை. லேத் வேலைக்கும் இரண்டாம் பிஸ்டனுக்கும் ஆன பணத்தில் ஓடுகிற ஒரு பழைய மாருதியே வாங்கியிருக்கலாம். பயணத்துக்கு வண்டி வேண்டும் என்பவர்கள் அதைத்தான் செய்ய வேண்டும். எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு இந்த ஒன்றரை வருடம் கற்றுக்கொடுத்த அளவுக்கு ஐடிஐயும் ஒர்க்‌ஷாப்பும் சேர்ந்தும் கற்றுக்கொடுக்கவில்லை. அதனால் எனக்கு அந்தப் பணத்தில் வருத்தமில்லை.

கடைசியாக ஒரு மாற்றம் மாமாவுக்காகச் செய்தது. வள்ளத்தில் எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டில் ஒரு துளையிலிருந்து தண்ணீர் சன்னமாகப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். உள்ளே தண்ணீர் ஏறுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. முப்பது வருடம் அவர் அதைப் பார்த்துப் பார்த்தே ஓட்டியவர். காரில் சூட்டு முள்ளைக் காட்டினால் "முள்ளு பொய் சொல்லும்" என்பார். திரும்பி வரும் தண்ணீர்க் குழாயைத் தொட்டியின் வாயில் உயர்த்தி வைத்து, தண்ணீர் விழுவது தெரியும்படி ஒரு கண்ணாடி மூடி போட்டேன். ஒரு நன்மையும் உண்டு, பம்ப் நின்றால் முள் ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். தோட்டத்துக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஸ்டார்ட் செய்ததும் மாமா வண்டியில் ஏற மாட்டார். முன்னால் வந்து குனிந்து, தொட்டிக்குள் தண்ணீர் விழுவதைப் பார்ப்பார். விழுகிறது என்றால் கையால் பானெட்டில் இரண்டு தட்டு தட்டுவார். அதற்குப் பிறகே நான் கிளச்சை விடுவேன்.